தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது மருத்துவமனைகள் எவ்வாறு இயங்குகின்றன?

2019ஆம் ஆண்டு கோடையில், சென்னைக்குக் குடிநீர் வழங்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. இல்லங்களில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்க முடிந்தது. பிரசவமும் அவசர அறுவை சிகிச்சையும் காத்திருக்க இயலாதவை. எனவே, மருத்துவமனைகள் முன்கூட்டியே திட்டமிட வேண்டியுள்ளது.

தேவையான அளவு

இந்தியத் தர நிர்ணயத்தின்படி, 100 படுக்கைகள் வரை உள்ள மருத்துவமனைக்கு ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 340 லிட்டரும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 450 லிட்டரும் தேவை. உலக சுகாதார நிறுவனம் கூறும் குறைந்தபட்ச அளவு, உள்நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர். அறுவை சிகிச்சை அல்லது பிரசவம் ஒன்றுக்கு 100 லிட்டர். இவ்விரு அளவுகளுக்கும் இடைப்பட்ட தேவைகளே நெருக்கடியின்போது குறைக்கப்படுகின்றன.

முன்னுரிமை

பிரசவ அறை, அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு, கருவிகளின் கிருமி நீக்கம், டயாலிசிஸ் ஆகியவற்றுக்கே முதலில் தண்ணீர் ஒதுக்கப்படும். அவசரமற்ற அறுவை சிகிச்சைகள் ஒத்திவைக்கப்படலாம். கை சுத்தம் மட்டும் எந்நிலையிலும் குறைக்கப்படக் கூடாது. கைகளில் அழுக்கு இல்லாதபோது ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்பானைப் பயன்படுத்தலாம்.

குடிக்க உகந்தது, டயாலிசிஸுக்கு உகந்ததன்று

லாரியில் வரும் தண்ணீர் குளோரின் கலக்கப்பட்டு, குறைந்தது 30 நிமிடங்களுக்குப் பின்னரே பயன்படுத்தப்பட வேண்டும். ஆனால், குடிநீரைக் காக்கும் அதே குளோரின், டயாலிசிஸ் நீரில் எஞ்சியிருந்தால் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நான்கு மணி நேர டயாலிசிஸில் சுமார் 120 லிட்டர் திரவம் மெல்லிய சவ்வுக்கு அப்பால் நோயாளியின் ரத்தத்தை ஒட்டிப் பாய்கிறது. எனவே, கரி வடிகட்டியும் ஆர்.ஓ. கருவியும் முறையாக இயங்குகின்றனவா என்பதை ஒவ்வொரு பணிமுறைக்கு முன்பும் சோதிப்பது இன்றியமையாதது.

1996ஆம் ஆண்டு பிரேசிலின் கருவாரு நகரில், வறட்சியின்போது லாரியில் கொண்டுவரப்பட்ட தண்ணீர் ஒரு டயாலிசிஸ் மையத்தில் பயன்படுத்தப்பட்டது. அதிலிருந்த நீலப்பச்சைப் பாசியின் நச்சு கல்லீரலைத் தாக்கியதில் 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் உயிரிழந்தனர். தண்ணீர் கிடைத்துவிட்டது என்பதாலேயே ஆபத்து நீங்கிவிடுவதில்லை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• நீங்கள் டயாலிசிஸ் பெறுபவராயின், தண்ணீர் தடைபட்டால் எந்த மையத்திற்குச் செல்ல வேண்டும் என்பதை இப்போதே கேட்டறியுங்கள். சிகிச்சை விவரக் குறிப்பைக் கையில் வைத்திருங்கள்.

• சிகிச்சை தள்ளிப்போனால் எவ்வளவு நீர் அருந்தலாம், எந்தெந்த உணவுகளைக் குறைக்க வேண்டும் என்பதை முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இளநீர், வாழைப்பழம் போன்ற பொட்டாசியம் மிகுந்தவை அந்நாள்களில் ஆபத்தானவை.

• மூச்சுத்திணறல், கடும் தசைத் தளர்ச்சி, நெஞ்சுப் படபடப்பு ஆகியவை தோன்றினால் காத்திராமல் 108 எண்ணை அழையுங்கள்.

• நோயாளியுடன் தங்குவோர், வார்டில் கசியும் குழாயைக் கண்டால் உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள்.