புயநாடி

புயநாடி மேற்கையின் உட்பக்கமாக இறங்கி, முழங்கைக்கும் முன்கைக்கும் விரல்களுக்கும் குருதி கொண்டுசெல்லும் முதன்மை நாடி. தமிழ்நாட்டு நூல்களில் நாடி தமனி என்றும் நாளம் சிரை என்றும் வழங்கும். வளர்ந்த ஒருவரில் புயநாடியின் அகலம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். இந்தச் சிறு குழாய் அறுந்தால் நிமிடக் கணக்கில் உயிருக்கு ஆபத்தாகும். அடைபட்டால் மணித்தியாலக் கணக்கில் முன்கைத் தசைகள் இறக்கத் தொடங்கும். அறுந்த நாடியைத் தைத்துத் தரும் வைத்தியர்கள் கொழும்பில் உண்டு. ஆனால் அவர்களிடம் வந்து சேருமுன் கழிந்த நேரத்தை அவர்களாலும் மீட்டுத் தர முடியாது.

அமைப்பு

கமக்கட்டிலுள்ள அக்குள்நாடி, தோள்பட்டை என்பிலிருந்து புயவென்புக்கு வரும் தசையொன்றின் கீழ் விளிம்பைத் தாண்டியதும் புயநாடியாகிறது. முதலில் புயவென்பின் உட்பக்கத்தில் கிடந்து, இறங்க இறங்க முன்பக்கம் திரும்பி, முழங்கை மடிப்பில் இருதலைத்தசை நாணுக்கு உட்புறமாக வருகிறது. மடிப்புக்குச் சற்றுக் கீழே, ஆரை என்பின் கழுத்து மட்டத்தில், ஆரைநாடி, அரந்திநாடி என இரண்டாகப் பிரிந்து முடிகிறது. மணிக்கட்டில் வைத்தியர் நாடி பார்ப்பது இவற்றுள் முதலாவதில்.

வழிநெடுக இதற்குத் துணை நடு நரம்பு. மேலே நாடியின் வெளிப்புறத்தில் இருக்கும் இந்த நரம்பு, மேற்கையின் நடுப்பகுதியில் பெரும்பாலும் நாடிக்கு முன்னால் குறுக்காகக் கடந்து, முழங்கையில் உட்புறத்துக்கு வந்துவிடுகிறது. நாடியை அறுக்கும் கத்தியோ கண்ணாடியோ நரம்பையும் அறுப்பது இந்த நெருக்கத்தால்தான். குருதி பீறிடும் காயத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு இடுக்கி போடக்கூடாது என்று இளம் வைத்தியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கும் அதுவே காரணம்.

கிளைகளில் பெரியது ஆழ்புயநாடி. மேற்பகுதியிலேயே பிரிந்து, ஆரை நரம்போடு சேர்ந்து புயவென்பின் பின்புறமாகச் சுற்றிச் செல்கிறது. இதன் நுனிக்கிளைகளும், புயநாடியின் கீழ்ப்பகுதியில் தோன்றும் வேறு இரு கிளைகளும், முன்கை நாடிகளிலிருந்து மேல்நோக்கி வரும் சிறு நாடிகளுடன் முழங்கையைச் சுற்றி வலைபோல் இணைகின்றன. கொழும்பில் காலி வீதி அடைபட்டால் வாகனங்கள் மரைன் டிரைவ் வழியாக ஊர்ந்து செல்வதுபோல, புயநாடி அடைபட்டால் குருதி இவ்வலையால் சுற்றிப் போகிறது. விரல்களின் நிறத்தைக் காப்பாற்ற அது பலவேளை போதும். வேலை செய்யும் தசைகளுக்குப் போதுமா என்பது வேறு கேள்வி. காயப்பட்டவரின் கை சிவந்தும் சூடாகவும் இருப்பதைக் கண்டு வீட்டாரும், சிலவேளை வைத்தியரும், நாடிக்கு ஒன்றுமில்லை என்று நம்பிவிடுவதற்கு இந்த வலையே காரணம்.

எல்லோர் கையிலும் அமைப்பு ஒன்றல்ல. ஆரைநாடி மேற்கையிலேயே பிரிந்துவிடுவது அடிக்கடி காணப்படும் வேறுபாடு. அரந்திநாடி தோலுக்கு அடியிலேயே ஓடும் கைகளும் உண்டு. அத்தகையவருக்கு முழங்கை மடிப்பில் ஊசி ஏற்றும்போது, நாளமென்று எண்ணி நாடியில் மருந்து போய்விட்டால் விரல்கள் அழுகும் அபாயம் நேரும்.

குருதியமுக்கம் அளக்கும் பட்டி அழுத்துவது புயநாடியைத்தான். 1896இல் இத்தாலியரான ரீவா-ரொச்சி பட்டியை அமைத்தார். 1905இல் ரஷ்ய வைத்தியர் கொரொட்கொவ், நாடியின்மேல் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையைச் சொன்னார். கழுத்து குறுகிய கைக்குழந்தைகளில் இதயம் துடிக்கிறதா என்று பார்ப்பதும் மேற்கையின் உட்புறத்தில் இந்நாடியைத் தொட்டே.

காயப்படும் விதங்கள்

நகரத்தில் முதலில் நிற்பது கண்ணாடி. வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளில் யன்னலையோ குளியலறைக் கதவையோ உடைத்துக்கொண்டு கை உள்ளே போனால், பதற்றத்தில் அதை வெளியே இழுக்கும்போது வெட்டு இன்னும் ஆழமாகிறது. கொட்டாஞ்சேனையையும் துறைமுகத்தையும் சுற்றிய வேலைத்தலங்களில் தகரம், இரும்புக் கம்பி, இயந்திரப் பட்டி ஆகியவற்றால் வரும் காயங்கள் வேறுவகை: நாடி அறுவதோடு கிழிந்தும் நசிந்தும் போகும். முற்றாக அறுந்த நாடியின் முனைகள் சுருங்கி உள்ளிழுத்துக்கொள்வதால் குருதிப்பெருக்கு தானே தணியக்கூடும். பாதி அறுந்த நாடியால் சுருங்க முடியாது. அது ஓடிக்கொண்டே இருக்கும்.

குண்டுச் சிதறல்களின் வாசல் சிறிது, சேதம் ஆழம். 1983 முதல் 2009 வரையான போரில் வடக்கு, கிழக்கு மக்கள் இதனை உடலால் அறிந்தார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று, உயிர்த்த ஞாயிறு காலையில், கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தபோது கொட்டாஞ்சேனையும் அறிந்தது. அன்று கொழும்பில் காயமடைந்தவர்களைத் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு பெருந்தொகையாக ஏற்றது. அத்தகைய நாளில் கையில் தெரியும் ஒரு சிறு துளையையும் அற்பமென்று விட முடியாது.

தோல் கிழியாமலும் நாடி கெடும். முழங்கை மூட்டு விலகும்போது நாடி இழுபட்டு அதன் உட்படை மட்டும் கிழியும். வெளியே முழுமையாகத் தெரியும் குழாயினுள் குருதி உறைந்துவிடும். நாடி சுருங்கியிருக்கிறது, பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லி நேரத்தைக் கடத்துவது அபாயமானது.

பிள்ளைகளில் கவனிக்க வேண்டியது முழங்கைக்குச் சற்று மேலே புயவென்பு முறிவது. 5 முதல் 7 வயதுவரை இது மிகுதி. மதிலிலிருந்தோ கொய்யா மரத்திலிருந்தோ விழும் பிள்ளை கையை நீட்டி ஊன்றுகிறது. என்பின் கீழ்த்துண்டு பின்னே தள்ளப்பட, மேல்துண்டின் கூர்முனை முன்னே வந்து நாடியிலும் நடு நரம்பிலும் குத்துகிறது. இங்கே பெற்றோர் பலரின் முதல் நினைவு முறிவு நெரிவு வைத்தியரிடம் ஓடுகிறது. சாதாரண முறிவுகளில் மக்கள் அவர்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மணிக்கட்டில் நாடி இல்லாத பிள்ளையின் வீங்கும் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டினால், உள்ளே அமுக்கம் ஏறி முன்கைத் தசைகள் பட்டுப்போய், விரல்கள் மடங்கியபடி நிரந்தரமாக இறுகிவிடும். 1881இல் ஜெர்மன் சத்திரசிகிச்சை வைத்தியர் ஃபொல்க்மன் விவரித்த கோணல் இதுதான். இப்படிப்பட்ட பிள்ளையைக் கொழும்பில் உடனே கொண்டுபோக வேண்டிய இடங்களில் ஒன்று, 1895இல் தொடங்கிய பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை.

வைத்தியச் செயல்களாலும் இந்நாடி காயப்படலாம். 1958இல் அமெரிக்காவில் மேசன் சோன்ஸ் இதய நாடிகளைப் படம்பிடிக்கத் தொடங்கியபோது குழாயைச் செலுத்தியது புயநாடி வழியாக. இன்று அவ்வேலைக்குப் பெரும்பாலும் மணிக்கட்டு நாடியே பயன்படுகிறது. மாளிகாவத்தை சிறுநீரக வைத்தியசாலை போன்ற இடங்களில் குருதி சுத்திகரிப்புக்கு வருவோர் சிலருக்கு, முழங்கையருகே புயநாடியையும் நாளத்தையும் இணைத்துத் தைத்திருப்பார்கள். அந்தக் கையில் அமுக்கம் பார்க்கவோ பரிசோதனைக்குக் குருதி எடுக்கவோ விடக்கூடாது. இணைப்பு திடீரெனப் புடைத்தாலும் மேல்தோல் மெலிந்து பளபளத்தாலும் அன்றே காட்ட வேண்டும்.

அறிகுறிகளும் முதலுதவியும்

பீறிடும் குருதி, விரிந்துகொண்டே போகும் வீக்கம், மணிக்கட்டில் நாடி இல்லாமை, வெளிறிக் குளிர்ந்த கை, காயத்தின்மேல் கை வைத்தால் உணரும் அதிர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சத்திரசிகிச்சைக் கூடமே அடுத்த இடம். படம் எடுக்கக் காத்திருப்பது வீண். ஐயம் மட்டும் இருந்தால் இரு கைகளின் குருதியமுக்கத்தையும் ஒப்பிடுவார்கள். காயப்பட்ட கையின் அளவு மற்றக் கையின் அளவில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறைந்தால் டொப்ளர் கருவியாலோ சீரி ஸ்கானாலோ நாடியைத் தேடுவர். விரல்களை நீட்டும்போது தாங்கமுடியாத வலி எழுவது தசை மூச்சுத்திணறுவதன் தொடக்கக் குரல்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, விடாமல் அழுத்துவது. ஓடுகிறதா நிற்கிறதா என்று நொடிக்கொருதரம் எடுத்துப் பார்க்கக்கூடாது. கோப்பித்தூளும் மஞ்சளும் வேண்டாம். அவை நாடியை அடைக்கா, பின்னர் காயத்தைக் கழுவுவதையே கடினமாக்கும். அழுத்தியும் நில்லாவிட்டால் காயத்துக்கு மேலே அகலமான துணிப்பட்டியால் இறுக்கி, கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். கயிறோ கம்பியோ நரம்பை வெட்டும். கட்டை இடையிடையே தளர்த்தவும் கூடாது. மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால் தேத்தண்ணி, சோடா எதுவும் கொடுக்காமல் 1990ஐ அழைக்கவும். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் இலவச இலக்கம் அது. வெள்ளவத்தைக்குக் களுபோவிலைப் போதனா வைத்தியசாலை கிட்ட. கொட்டாஞ்சேனைக்கு, 1864இல் நிறுவப்பட்ட பெரியாஸ்பத்திரி, அதாவது இன்றைய தேசிய வைத்தியசாலை.

சிகிச்சை

வரலாற்றில் பதிவான முதல் நாடித் தையல் புயநாடியிலேயே போடப்பட்டது. 1759இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், முழங்கையில் குருதி வடிக்கும்போது வெட்டுப்பட்ட நாடியை ஹலவெல் என்பவர் ஒரு சிறு ஊசியைக் குத்தி நூல் சுற்றி மூடினார். அந்த வழி தொடரப்படவில்லை. இன்னும் ஒன்றரை நூற்றாண்டு நாடியைக் கட்டிவிடுவதே வைத்தியமாக இருந்தது. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்துச் சத்திரசிகிச்சை நூலையும் உடற்கூற்று நூலையும் தமிழில் அச்சிட்ட காலமும் அதுவே. நாடித் தையலை உறுதியான கலையாக்கிய அலெக்சிஸ் கரேலுக்கு 1912இல் நோபல் பரிசு கிடைத்தது. எனினும் இரண்டாம் உலகப் போர்க்களத்தில் பெரும்பாலும் கட்டத்தான் முடிந்தது. அமெரிக்கச் சத்திரசிகிச்சை வைத்தியர்களான டிபேக்கியும் சிமியோனும் 1946இல் வெளியிட்ட கணக்கில், ஆழ்புயநாடி பிரியும் இடத்துக்கு மேலே காயப்பட்டவர்களில் 55.7 சதவீதத்தினர் கையை இழந்தனர். கீழே காயப்பட்டவர்களில் 25.8 சதவீதத்தினர். சுற்றுவழி வலையின் பெறுமதி இந்த இரண்டு எண்களுக்கும் இடையே இருக்கிறது. கொரியப் போரில் நாடிகளைத் தைக்கத் தொடங்கியதும், கை, கால் நாடிகள் எல்லாவற்றையும் சேர்த்து, உறுப்பிழப்பு 13 சதவீதமளவுக்கு இறங்கியது.

இன்றைய முறையில் வைத்தியர் முதலில் காயத்துக்கு மேலும் கீழும் நாடியைப் பிடித்துக் கட்டுப்படுத்துவார். நசிந்த பகுதியை, உட்படை நல்லதாகத் தெரியும்வரை வெட்டியகற்றி, ஃபோகார்ட்டி பலூன் குழாயால் குருதிக்கட்டிகளை இழுத்தெடுத்து, குருதி உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் கலந்த நீரால் கழுவுவார். இடைவெளி சிறிதாயின் முனைகளை நேரே இணைத்துத் தைக்கலாம். இழுவிசையோடு தைத்த நாடி அடைபடும். ஆகவே இடைவெளி பெரிதாயின் காலிலிருந்து எடுத்த நாளத் துண்டு வேண்டும். நாளத்தினுள் வால்வுகள் இருப்பதால் அதைத் தலைகீழாகத் திருப்பி வைக்கிறார்கள். என்பும் முறிந்திருந்தால் தற்காலிகக் குழாயொன்றால் குருதியை ஓடவிட்டு என்பை நிலைப்படுத்துவது உண்டு. பிள்ளைகளின் முழங்கை முறிவில் வரிசை வேறு: முதலில் என்பை நேராக்கிக் கம்பி குத்துவார்கள், பல பிள்ளைகளுக்கு அதோடு நாடி திரும்பிவிடும். கை வெளிறியபடி இருந்தால் நாடியைத் திறந்து பார்ப்பார்கள்.

முன்கைக்குக் குருதியோட்டம் நின்று ஆறு மணித்தியாலம் தாண்டினால் தசை மீளும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. தாமதமாக வந்தவருக்கு நாடியைத் தைத்ததும் முன்கை வீங்கும்; அதனால் தசையுறைகளை நீளமாகக் கீறி விடுகிறார்கள். திறந்த காயத்தைக் கண்டு உறவினர் அஞ்சுவது இயல்பு. அந்தக் கீறல் கையைக் காப்பதற்கே. சில நாட்களின் பின் தைத்தோ தோல் ஒட்டியோ அதை மூடுவார்கள்.

நாடி தைத்து முடிந்த கையின் எதிர்காலம் பெரிதும் நரம்பைப் பொறுத்தது. தைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் வளரும். முழங்கையில் அறுந்த நடு நரம்பு விரல் நுனியை எட்ட ஒரு வருடத்துக்கு மேலாகலாம். அதுவரை மூட்டுகள் இறுகாதபடி இயன்மருத்துவப் பயிற்சி தொடர வேண்டும். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் உணர்வில்லாத காலத்தில் அடுப்பும் இஸ்திரிப்பெட்டியும் சுட்டாலும் தெரியாது என்பதை, வீட்டுக்கு அனுப்புமுன் நோயாளிக்கும் வீட்டாருக்கும் அவர்களுடைய மொழியிலேயே சொல்ல வேண்டும்.