பின்னால் நடந்துபோகிறவர்கள்

கதாநாயகன் ஓர் ஓட்டலில் உட்கார்ந்து காதலியோடு சம்பாஷிக்கும் காட்சியில், அவனுக்குப் பின்னால் நாலு மேஜை தள்ளிக் காப்பி குடித்துக்கொண்டிருப்பவர் யார் என்று நாம் ஒருபோதும் கேட்பதில்லை. ஆனால் அந்த மேஜை காலியாகக் கிடந்தால், எதுவோ குறைகிறது என்பதை மனம் அந்த க்ஷணமே கண்டுகொள்கிறது. இல்லாதபோது மட்டுமே கவனிக்கப்படுகிற இந்த ஜனங்களை நம் கோடம்பாக்கம் நெடுங்காலம் 'எக்ஸ்ட்ரா' என்று அழைத்து, பிற்பாடு சற்று மரியாதை கருதித் 'துணை நடிகர்' என்று அழைத்தது. பெயரும் வழக்கமும் கடல் கடந்து வந்தவை. ஆகையால் அவை புறப்பட்ட ஹாலிவுட்டிலேயே இந்தத் தொழிலின் பூர்வ கதையைத் தேடுவது உசிதம்.

ஊமைப்படக் காலத்தில் கூட்டம் என்பது தெருவில் அள்ளிக்கொள்ளக்கூடிய வஸ்துவாகவே இருந்தது. 1916-இல் டி. டபிள்யூ. கிரிஃபித் தமது 'இன்டாலரன்ஸ்' படத்துக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் பாபிலோனியக் கோட்டையையே எழுப்பி, அதன் படிக்கட்டுகளிலும் மதில்களிலும் ஆயிரக்கணக்கானவர்களை நிறுத்தியபோது, அவர்களிடம் நடிப்பு எதிர்பார்க்கப்படவில்லை. உடம்பும், வெயிலைத் தாங்கும் பொறுமையும் போதுமானவையாக இருந்தன. ஆனால் சினிமாப் பத்திரிகைகள் நட்சத்திரங்களின் மாளிகைகளையும் நீச்சல் குளங்களையும் வர்ணிக்க வர்ணிக்க, அமெரிக்காவின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் இளைஞர்களும் யுவதிகளும் ரயிலேறி வந்து, விடியற்காலையிலேயே ஸ்டூடியோ வாசல்களில் கூடி நிற்கத் தொடங்கினார்கள். உதவி டைரக்டர் ஒருவர் வெளியே வந்து, 'நீ, நீ, அதோ அந்தத் தாடிக்காரர்' என்று விரலால் சுட்டியவர்களுக்கு அன்று சோறு. மற்றவர்கள் அடுத்த ஸ்டூடியோவுக்கு நடந்தார்கள். ஹாலிவுட் வர்த்தக சபையே, வேலை தேடி நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தின் புகைப்படத்தைப் போட்டு, இங்கே வராதீர்கள் என்று விளம்பரம் செய்யும் நிலை வந்தது. ஊருக்கு வாருங்கள் என்று அழைப்பதற்கென்றே ஏற்பட்ட சபை வராதீர்கள் என்று காசு கொடுத்து அச்சடித்ததை, லோக சரித்திரத்தில் அபூர்வமான விளம்பரங்களில் ஒன்றாகவே வைக்கவேண்டும்.

வாசலில் நின்று அலுத்தவர்கள் தரகர்களிடம் போனார்கள். தரகர்கள் தினக்கூலியில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்கள். இளம்பெண்கள் விஷயத்தில் அதற்கும் மேலான விபரீதங்கள் நேர்ந்தன. அவதூறுக்கு அஞ்சிய படத்தயாரிப்பாளர்களும், அவர்களுடைய சங்கத் தலைவராக இருந்த வில் ஹேஸும், ரஸல் ஸேஜ் அறநிலையத்தைச் சேர்ந்த மேரி வான் க்ளீக் என்ற அம்மையாரின் யோசனையையும் பெற்று, 1925-ஆம் வருஷக் கடைசியில் 'ஸென்ட்ரல் காஸ்டிங்' என்ற பொது ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். செலவு ஸ்டூடியோக்களுடையது, வேலை பெறுகிறவரிடம் காலணாவும் வாங்குவதில்லை என்பது அதன் விதி.

இந்த ஸ்தாபனம் நடந்த விதந்தான் எனக்கு இந்தச் சரித்திரத்திலேயே அதிக விசேஷமானதாகத் தோன்றுகிறது. வாசலில் நின்ற ஜனத்திரளை அது ஒரு டெலிபோன் கம்பிக்குள் அடைத்துவிட்டது. எந்த ஸ்டூடியோவுக்கு மறுநாள் எத்தனை பேர், எந்த வயதில், எந்த உடையில் வேண்டும் என்ற ஜாபிதா பிற்பகலில் வந்து சேரும். மாலையானதும் ஊரிலிருக்கும் துணை நடிகர்களெல்லாம் மாறி மாறி டெலிபோன் செய்து தங்கள் பெயரைச் சொல்வார்கள். இணைப்புப் பலகையில் இருக்கும் பெண் அந்தப் பெயரைத் திருப்பி உரக்கச் சொல்ல, வேலை பங்கிடும் அதிகாரிகள் அதைக் காதில் வாங்கி, தேவையென்றால் பேசுவார்கள், இல்லையென்றால் மௌனமாக இருப்பார்கள். மௌனத்துக்கு அந்தப் பெண் சொல்லும் மொழிபெயர்ப்பு, 'வேலையில்லை, அப்புறம் கூப்பிடுங்கள்' என்பது. அப்புறம் என்றால் கால் மணி நேரமாகவும் இருக்கலாம், கால் வருஷமாகவும் இருக்கலாம். பதிவுப் புத்தகத்தில் பல்லாயிரம் பெயர்கள் இருக்க, நாளொன்றுக்குச் சராசரியாக ஆயிரம் பேருக்குக்கூட வேலை கிடைக்கவில்லை. கிடைத்தவர்களிலும் வெறும் கூட்டத்துக்கு மூன்று டாலர், நல்ல உடையோ குதிரையேற்றமோ தெரிந்தவருக்கு ஐந்து, ஏழரை, பத்து என்று தரம் பிரித்துக் கூலி. தோலின் நிறத்துக்கும் தனிக் கணக்கு இருந்தது: கறுப்பின மக்களைத் தேர்ந்தெடுப்பதற்கென்று அவர்களிலேயே ஒருவரான சார்லஸ் பட்லர் அங்கே நியமிக்கப்பட்டிருந்தார். கைபர் கணவாயை 1938-இல் கலிபோர்னியாவின் லோன் பைன் பாறைகளுக்கிடையில் எழுப்பி 'கங்கா தீன்' படம் எடுத்தபோது, கதையின் முக்கியமான இந்தியப் பாத்திரங்களையெல்லாம் வெள்ளையரே ஏற்று முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைப்பது நியாயம்.

நம் ஊரில் இத்தகைய பொது ஸ்தாபனம் ஏற்படாமல் ஏஜெண்டு முறையே நிலைத்துவிட்டதால், ஆளைத் தேடுவதும் ஆள் தேடி வருவதும் மனிதருக்கு மனிதர் என்ற அளவிலேயே நடந்தன. ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷங்கள் உத்தியோகம் பார்த்த அசோகமித்திரனுடைய 'புலிக்கலைஞன்' கதையில், வேலை கேட்டு வருகிறவன் புலியாகவே மாறிக் காட்டிவிட்டுப் போகிறான். பிறகு அவனுக்குப் போடும் கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. அந்தக் கதைக்கு டெலிபோன் இணைப்புப் பலகை இருந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது.

ஹாலிவுட் கூட்டத்துக்குள் யார் யாரெல்லாம் இருந்தார்கள் என்பது இன்னொரு விநோதம். ருஷ்யப் புரட்சிக்குத் தப்பி ஓடிவந்த ஜார் மன்னருடைய தளபதிகள் சிலர், அதே ஜார் காலத்துச் சேனையைக் காட்டும் படங்களில் சில டாலர் கூலிக்குச் சிப்பாய் வேஷம் கட்டினார்கள். லோடிஜென்ஸ்கி என்ற அத்தகைய தளபதி ஒருவருடைய வாழ்க்கையைத் தழுவியே ஜோஸப் வான் ஸ்டெர்ன்பெர்க் 1928-இல் 'தி லாஸ்ட் கமாண்ட்' எடுத்தார். அதில் தளபதியாக நடித்த எமில் ஜானிங்ஸுக்கு ஆஸ்கார் பரிசின் முதல் வருஷத்திலேயே சிறந்த நடிகர் விருது கிடைத்தது. நிஜத் தளபதிகளோ அப்புறம் கூப்பிடச் சொன்னவர்களை மறுபடியும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெஸ் ஃப்ளவர்ஸ் என்ற மாது இதற்கு நேர்மாறான உதாரணம். டெக்ஸஸில் பிறந்த அந்த உயரமான அம்மையார், 1923 முதல் சுமார் நாற்பது வருஷம், விருந்துகளிலும் நாடக அரங்குகளிலும் நீதிமன்றங்களிலும் கனவான்களுக்கு நடுவே கம்பீரமாக உட்கார்ந்தே எண்ணூறுக்கு மேற்பட்ட படங்களில் தோன்றினார். அவருடைய மூலதனம் அவருடைய அலமாரி: மாலை விருந்துக்கான கவுன்களும் ரோமக் கோட்டுகளும் சொந்தத்தில் வைத்திருந்த துணை நடிகைக்கு அதிகக் கூலி உண்டு. சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பெற்ற ஐந்து படங்களில் அவர் முகம் இருக்கிறது. ரசிகர்களில் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியாது.

முகம் தெரியலாம், ஆனால் பதியக் கூடாது என்பதுதான் சினிமாவில் இத்தொழிலின் தர்மம். ஒரு காட்சியில் காமிரா கொஞ்சம் கிட்டே வந்து ஒருவருடைய முகத்தைப் பிடித்துவிட்டால், அதே படத்தின் வேறு காட்சியில் அவருக்கு வேலை போய்விடும். மன்னனுடைய அவையில் நின்ற மந்திரி அடுத்த ரீலில் சந்தையில் கத்திரிக்காய் வாங்கமுடியாதல்லவா? தொலைக்காட்சித் தொடர்கள் வந்தபோது இந்த தர்மம் தலைகீழாயிற்று. வாரந்தோறும் அதே ஆஸ்பத்திரி, அதே போலீஸ் ஸ்டேஷன், அதே மதுக்கடை. அங்கே இருக்கிறவர்களும் அதே ஆட்களாக இருந்தால்தான் நம்பகம் உண்டாகும். ஆகவே வருஷக்கணக்கில் ஒரே மூலையில் நின்று ஜீவிக்கும் துணை நடிகர் என்ற புதிய ஜாதி பிறந்தது. 1966-இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்'கில், கதாநாயகருக்குப் பதிலாக விளக்கு வெளிச்சத்தைச் சரிபார்க்க நின்ற எடி பாஸ்கி என்பவர் லெஸ்லி என்ற மாலுமியாக ஐம்பதுக்கு மேற்பட்ட கதைகளில் நடமாடினார். ஒரு கதையில் அவரைக் கொன்றுவிட்டுப் பிற்பாடு பழையபடி வேலைக்கு நிறுத்திவிட்டார்கள். கொரிய யுத்த ஆஸ்பத்திரியைச் சித்திரித்த 'மாஷ்' தொடரில் பின்னணியில் நடந்துபோகும் நர்ஸாகத் தொடங்கிய கெல்லி நகஹாரா, மெல்ல மெல்லப் பெயரும் வசனமும் பெற்று, 1982-இல் தம்மையே மையமாகக் கொண்ட கதையொன்று எழுதப்படும் அளவுக்கு வளர்ந்தார். 1994-இல் ஆரம்பித்த 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் காப்பிக்கடைக்கு ஆள் தேடியபோது, அந்தக் காப்பி மெஷினை நிஜமாகவே இயக்கத் தெரிந்தவர் என்பதற்காக ஜேம்ஸ் மைக்கேல் டைலர் கவுண்டருக்குப் பின்னால் நிறுத்தப்பட்டார். முதல் வருஷம் முழுதும் வாய் திறக்காமல் நின்றவர், பிறகு குந்தர் என்ற பாத்திரமாகித் தொடர் முடியும் வரை, பத்து வருஷம் இருந்தார்.

வாய் திறப்பது சாமானிய விஷயமன்று. கதாநாயகனுக்குப் பின்னால் சிரித்துப் பேசுவதுபோல் உதட்டை மட்டும் அசைக்கவும், சங்கீதமில்லாமல் தாளம் தவறாது நடனமாடவும், கோப்பையைச் சத்தமின்றி மேஜைமேல் வைக்கவும், ஒவ்வொரு முறை திரும்ப எடுக்கும்போதும் அதே சொல்லுக்கு அதே அடியை எடுத்துவைக்கவும் துணை நடிகர் பழகியிருக்க வேண்டும். கூட்டத்தின் ஓசையைப் பிறகு தனியே பதிந்து சேர்த்துக்கொள்வார்கள். ஒரே ஒரு சொல்லைக் காமிரா முன் பேசிவிட்டால் அவர் நடிகராகிவிடுகிறார், கூலியும் பன்மடங்காகிறது. அமெரிக்கத் தினசரித் தொடர்களில் ஐந்து வரிகளுக்கு மேற்படாமல் பேசுகிறவர்களுக்கென்றே இடைநடுவே ஒரு சம்பளத் தரம் வகுத்திருந்தார்கள். இந்தச் செலவுக்கு அஞ்சியே டைரக்டர்கள் பின்னணியாரிடம் நேரே பேசாமல் உதவியாளர் மூலம் ஏவுகிறார்கள் என்பதை அறியாதவர்கள் அதைக் கர்வம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

சங்கம் அமைத்தும் இவர்கள் ஓரத்திலேயே நின்றார்கள். 1933-இல் பிறந்த நடிகர் சங்கம் இவர்களைச் சமமான உரிமையில்லாத இரண்டாந்தர அங்கத்தினர்களாகவே வைத்திருந்ததால், 1945-இல் தனியே ஒரு துணை நடிகர் சங்கம் கண்டார்கள். அதன் ஆரம்பகால நிர்வாகிகளில் பெஸ் ஃப்ளவர்ஸும் ஒருவர். சங்கத்தில் சேராத ஆட்களைத் தயாரிப்பாளர்கள் மலிவாக அமர்த்தத் தொடங்கியதும் அந்தச் சங்கம் நலிந்து, 1992-இல் அதன் பொறுப்பைப் பழைய நடிகர் சங்கமே ஏற்றுக்கொள்ளும்படியாயிற்று. 2023-இல் நடிகர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது, பின்னணியாரின் முகத்தையும் உடம்பையும் கணினியில் பதிந்து வைத்துக்கொண்டு மறுபடி உபயோகிப்பது பெரிய வழக்காக எழுந்தது. அவ்வாறு பதிவதற்குச் சம்மதம் பெறவேண்டும், பதியும் நேரத்துக்குக் கூலி தரவேண்டும், பதிந்த பிம்பங்களைக் காட்டி நிஜமான ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.