ஆங்கில வேரும் செர்பிய விகுதியும்

செர்பியப் பள்ளிப் பிள்ளைகளின் பேச்சில் ஆங்கிலம் மலிந்துவிட்டது என்ற கவலை அந்நாட்டு ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் பரவலாக இருக்கிறது. லைக், சாட், செல்ஃபி, ஹேட்டர், கிரிஞ்ச் என்று காதில் விழும் சொற்கள் அவர்களை உறுத்துகின்றன. உறுத்துவது சொல்லின் வேர். அதன் விகுதியைக் கவனித்தால் அந்தப் பிள்ளைகள் தாய்மொழியை எவ்வளவு உறுதியாகப் பற்றியிருக்கிறார்கள் என்பது தெரியும்.

வேற்றுமொழி வினையைக் கையாளத் தமிழ்ப் பேச்சுக்கு 'பண்ணு' என்ற துணைவினை கைகொடுக்கிறது. ஆங்கிலச் சொல் மாறாமல் நிற்க, காலமும் இடமும் 'பண்ணு'வில் ஏறிக்கொள்கின்றன. செர்பியம் அப்படி ஒதுங்கி நிற்பதில்லை. 'லைக்' என்ற சொல்லோடு தன் 'ஓவத்தி' விகுதியை நேரடியாக ஒட்டி 'லைக்கோவத்தி' என்று முழு வினையாக்கிவிடுகிறது. நான் செய்வது 'லைக்குயெம்'. அவள் செய்தது 'லைக்கோவலா'. ஒரே ஒரு முறை சட்டென்று தட்டியதைச் சொல்ல, கணநேரச் செயலைக் குறிக்கும் பழைய ஸ்லாவிய விகுதியைச் சேர்த்து 'லைக்னுத்தி' என்பாரும் உண்டு. இணையத்தில் தேடுவது 'கூக்லத்தி'. தேடிக் கண்டே பிடித்துவிட்டால் 'இஸ்கூக்லத்தி'. முன்னொட்டு ஒன்றைச் சேர்த்ததும் செயல் முற்றுப்பெற்றதாகிவிடுகிறது. வினை முற்றியதா, தொடர்கிறதா என்ற இந்த வேறுபாடு ஸ்லாவிய மொழிகளைக் கற்கும் அயலாரைப் பல ஆண்டுகள் தடுமாற வைப்பது. பத்து வயதுப் பிள்ளை நேற்று வந்த சொல்லிலும் அதைப் பிசகாமல் கையாளுகிறது. 'கூல்' என்பதிலிருந்து 'இஸ்கூலிரத்தி' என்றொரு வினை பிறந்திருக்கிறது: பதறாமல், பொருட்படுத்தாமல் விட்டுவிடுவது. இப்படியொரு வடிவம் ஆங்கிலத்திலேயே கிடையாது.

பெயர்ச்சொற்களிலும் இதே கதைதான். செர்பியத்தில் வேற்றுமை ஏழு. 'ஹெய்ட்டர்' அத்தனையிலும் உருபேற்கிறது. கூப்பிடும்போது விளியாகி 'ஹெய்ட்டரு' ஆகிறது. விளையாடுபவன் 'கெய்மெர்' என்றால் விளையாடுபவள் 'கெய்மெர்க்கா'. ஆங்கிலம் பால் பிரிக்காமல் விட்ட இடத்திலும் செர்பியம் பிரிக்கிறது.

இந்தச் செரிமான வலிமைக்கு எழுத்து முறையும் துணை நின்றிருக்கிறது. 1818இல் வியன்னாவில் தம் அகராதியை வெளியிட்ட வூக் கராஜிச், ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற நெறியில் முப்பது எழுத்துகளை வகுத்தார். திருச்சபையும் பழமைவாதிகளும் கடுமையாக எதிர்த்தார்கள். அவர் மறைந்து நான்கு ஆண்டு கழித்து, 1868இல்தான் செர்பிய அரசு முழுமையாக ஏற்றது. அன்றிலிருந்து அயற்பெயர்கூடக் காதில் விழுந்தபடியே அங்கே எழுதப்படுகிறது. அண்டை நாடான குரோவேஷியா ஷேக்ஸ்பியரின் பெயரை ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே வைத்துக்கொள்ள, செர்பியர் 'ஷெக்ஸ்பிர்' என்று தம் வழியில் எழுதுகிறார்கள். 'ஜ' ஒலிக்கான எழுத்தை வூக் பழைய ருமேனியச் சிரிலிக்கிலிருந்து எடுத்தார். துருக்கியச் சொற்களுக்கு அது மிகுதியும் வேண்டியிருந்தது. 'கிரிஞ்ச்' என்ற சொல்லின் கடைசி ஒலியை இன்று அதே எழுத்து தாங்குகிறது.

துருக்கியச் சொற்கள் என்றதும், ஆட்டமன் ஆட்சி விட்டுச்சென்ற அந்தப் பெருந்திரளை மறக்கலாகாது. காலுறை, தலையணை, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் செர்பியர் வாயில் வரும் பெயர்கள் துருக்கி வழி வந்தவை. சட்டைப்பைக்கு அவர்கள் சொல்லும் 'ஜெப்' நம் ஜேபிக்கு உறவு. இரண்டுக்கும் மூலம் அரபு. 'ஷெச்செர்' நம் சர்க்கரைக்கு உறவு. இவற்றால் செர்பியம் அழிந்ததாக இன்று யாரும் சொல்வதில்லை. 1896இல் ஹூகோ பூலி பெல்கிரேடுக்குக் கால்பந்தைக் கொண்டுவந்ததையொட்டி ஆங்கில விளையாட்டுச் சொற்கள் நுழைந்தன. இலக்குக் காவலரை இன்று எல்லாச் சிறுவரும் 'கோல்மன்' என்கிறார்கள். ஆங்கிலத் துண்டுகளைக் கோத்துச் செய்த இந்தச் சொல்லும் ஆங்கிலத்தில் இல்லை.

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எங்கிருந்து வருகிறது என்பதில் புதிர் ஒன்றுமில்லை. அயல்நாட்டுப் படங்கள் அங்கே பெரும்பாலும் குரல் மாற்றப்படாமல் துணைத்தலைப்போடு ஓடுகின்றன. பள்ளியில் முதல் வகுப்பிலேயே அயல்மொழி தொடங்குகிறது. மீதியை யூடியூபும் விளையாட்டுச் செயலிகளும் பார்த்துக்கொள்கின்றன. கூச்சத்தால் நெளிய வைப்பதை முந்தைய தலைமுறை 'பிளாம்' என்றது. அதுவும் பிரெஞ்சு வேர்ச் சொல்தான். அந்த இடத்துக்கு இப்போது 'கிரிஞ்ச்' வந்திருக்கிறது.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. நோவி சாத் பல்கலைக்கழக அறிஞர் த்வர்த்கோ பர்ச்சிச் 'ஆங்கிலோசெர்பியம்' என்று பெயரிட்டு நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கலப்பில், சொற்கள் ஒரு பகுதிதான். அவரும் வேறு இருவரும் 2001இல் புதிய ஆங்கிலச் சொற்களுக்கு ஓர் அகராதி தந்தார்கள். பர்ச்சிச்சும் குழுவினரும் தொகுத்த மேலும் பெரிய அகராதி ஒன்று 2021இல் வந்தது. கண்ணுக்குத் தெரியாமல் புகும் ஆங்கில வாக்கிய அமைப்பைப் பற்றியும் அவர் எச்சரிக்கிறார். 'பிரியாத்தன் தான்' (இனிய நாள்) என்று இரு சொல்லில் வாழ்த்தி அனுப்பிய கடைக்காரர், இப்போது 'இனிய நாளைக் கொண்டிருங்கள்' என்ற ஆங்கில அச்சில் வார்த்ததைச் சொல்கிறார். பெயருக்கு முன் பெயரை உருபின்றி நிறுத்தும் ஆங்கில வழக்கு, பெல்கிரேடில் 1977இல் திறந்த 'சாவா சென்டார்' போன்ற பெயர்ப்பலகைகளில் ஏறிவிட்டது. செர்பிய இயல்புப்படி முதற்சொல் பெயரடையாக வேண்டும், அல்லது பின்னால் போக வேண்டும். விளம்பரங்கள் வேற்றுச் சொல்லை ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே பதித்து வூக்கின் நெறியையும் மீறுகின்றன. இவற்றைச் செய்பவர்கள் பெரியவர்கள். திருத்தம் அங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

பிள்ளைகள் மீது ஒரு குறை உண்டு: கைபேசியில் செர்பியத்தை லத்தீன் எழுத்தில் எழுதும்போது மேற்குறிகளைக் கத்தரித்துவிட்டு 'மொட்டை லத்தீனில்' தட்டுவது. 'ஷ'வுக்கும் 'ஸ'வுக்கும் உள்ள வேறுபாடு மங்கிப்போகும் இந்தப் பழக்கத்தை ஆசிரியர் கண்டிக்கத்தான் வேண்டும். சொற்களைப் பொறுத்தவரை, 'இஸ்கூக்லத்தி'யைக் கரும்பலகையில் எழுதி முன்னொட்டு என்ன செய்கிறது என்று கேட்கும் ஆசிரியருக்கு வகுப்பே பதில் சொல்லும். 'ப்ரோ' என்று நண்பனை அழைக்கும் அதே சிறுவன், அடுத்த நொடி 'ப்ராத்தே' என்ற தன் சொல்லின் அசைகளை முன்பின் மாற்றித் 'தேப்ரா' என்கிறான். அசை புரட்டும் அந்தக் குழூஉக்குறிக்கு 'ஷாத்ரோவச்கி' என்று பெயர், அவன் தாத்தா காலத்து இளைஞர்களும் அதைப் பேசினார்கள்.