அகதியிலிருந்து மறுவாழ்வுக்கு

தமிழ்நாட்டில் ஈழத்தமிழர் வாழும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு ‘அகதிகள் முகாம்’ என்றே நெடுங்காலம் பெயர் இருந்தது. 2021 ஆகஸ்டில், இனி அவை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு சொல் எழுந்துபோக இன்னொரு சொல் வந்து அமர்ந்த அந்த இடத்தை, சொற்சுவை தேரும் அன்பரே, சற்றே நின்று நோக்குவோம்.

செல்லுதலைக் குறிக்கும் ‘கம்’ என்னும் வடமொழி வேரில் பிறந்தது கதி. செல்லும் வழி, சென்றடையும் இடம், பற்றுக்கோடு என்று அதன் பொருள் விரிய, முன்னே எதிர்மறை அகரம் ஒட்டியதும், போக்கிடம் இல்லாதவர் என்று நிற்கிறது அகதி. நிர்க்கதி, அதோகதி, கதிகெட்டவன் என்று இந்தக் கதியைத் தமிழ் தன் வீட்டுச் சொல்லாகவே புழங்கியிருக்கிறது. வேறு புகலின்மையை இறைவனைச் சரணடைவதற்குரிய தகுதியாகவே வைணவப் பெரியோர் கொண்டனர். சரணாகதியில் ஒலிப்பதும் இதே வேர்தான், அங்கே ஆகதி என்பது வருகை. திருமுன் தகுதியாக இருந்த கதியின்மை, அரசுப் பதிவேட்டில் ஏறியபின் ஒரு மனிதரின் முழு அடையாளமாகிவிட்டது.

வந்தவர்களே தமக்கென்று தேர்ந்த சொல் வேறு. இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் கடல்கடந்து வந்தோருக்கு உதவ, ஈழத்தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய அமைப்பு ‘ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம்’. சங்க நூல்களிலும் குறளிலும் பயிலும் ஏதிலார் என்பார் அயலார், நமக்கு எவ்வகையிலும் தொடர்பில்லாதார். அந்தப் பழைய ஏதிலாருக்கு இல்லாதது நம்மோடு உறவு. இன்றைய ஏதிலிக்கு இல்லாததோ வீடு, நிலம், நாடு. காண்பவர் பக்கத்திலிருந்து பேசிய சொல், இழந்தவர் பக்கமாகத் திரும்பி நிற்கிறது. என் காதுக்கு இது அகதியைவிட மெல்லிய சொல். உள்ளே இருக்கும் இல்லாமை மட்டும் குறையவில்லை.

மறுவாழ்வு என்பதோ இல்லாமையைச் சுட்டாமல் வருவதைச் சுட்டுகிறது. தமிழில் மறு பல உண்டு: மறுத்தலின் மறு ஒன்று, நிலவில் தெரியும் களங்கமாகிய மறு ஒன்று. மறுநாளிலும் மறுகரையிலும் இருக்கும் மறுவே இங்கு வருவது. பாக் நீரிணையைத் தாண்டியோருக்கு மறுகரையில் அமையும் வாழ்வு அது. ஈழத்து வழக்கு இதையே புனர்வாழ்வு என்னும். ஆனால் 2009இல் போர் முடிந்தபின், சரணடைந்த போராளிகளைத் தடுத்து வைத்ததற்கும் இலங்கை அரசு புனர்வாழ்வு என்றே பெயரிட்டதால், வன்னியில் அச்சொல் தன் கனிவை இழந்தது. தமிழ்நாட்டின் மறுவாழ்வுக்கு அந்தக் கறை இல்லை. மாதப் பணக்கொடை, அரிசி, பாத்திரம், பிள்ளைகளின் படிப்பு என்று அன்றாடப் பொருள்களோடேயே அது பழகியிருக்கிறது.

எஞ்சியது முகாம். ‘நிற்றல்’ என்னும் அரபு வேரினின்று பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்த சொல். பயணத்தின் நடுவே தங்கும் இடம் என்பதே அதன் பொருள். ஊர் ஊராகச் செல்லும் அதிகாரி முகாமிட்டார் என்கிறோம், அவர் கிளம்பிவிடுவார் என்பதும் அதிலேயே அடங்கும். மண்டபம் என்னும் கடற்கரை ஊரில் இச்சொல் தன் பொருளோடு முழுதும் பொருந்தியிருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளரை மருத்துவச் சோதனைக்காக நிறுத்திவைத்த இடம் அது. இந்திய-இலங்கை அரசுகளின் 1964 ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்தோரும் அங்கேயே தங்கவைக்கப்பட்டனர். 2022இல் பொருளாதார நெருக்கடியால் அரிச்சல்முனைப் பக்கம் படகில் வந்து சேர்ந்தவர்களையும் அங்கேதான் தங்கவைத்தனர்.

ஆனால் மூன்று தலைமுறை வாழும் இடத்தை எப்படி முகாம் என்பது? 2021இல் அரசு 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர முன்வந்தபோதே அச்சொல்லின் பொருத்தம் போய்விட்டது. குடியிருப்பு என்று மாற்றலாம். குடி என்னும் சொல் வீட்டையும் குடும்பத்தையும் குடிமக்களையும் ஒருசேரக் குறிப்பது. அந்த மூன்றாவது பொருள்தான் இவர்களில் பெரும்பாலோரை இன்னும் எட்டவில்லை: 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பெயர் சொல்லும் நாடுகளில் இலங்கை இல்லை.