கழற்ற முடியாத பெட்டரியின் கதை

போன வாரம் ஒரு வாப்பா இரண்டு போன்களின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சேர், மகளுக்கு இதில எது நல்லம்?" என்று கேட்டிருந்தார். இரண்டிலும் பின்பக்கம் மூன்று கெமரா, கண்ணாடி போல மினுங்கும் மூடி.

மகளின் பழைய போனுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. பெட்டரி ஊதித் திரையைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. மற்ற எல்லாம் சரி. ஆனால் பின்மூடி பசையால் ஒட்டியது. சூடாக்கித்தான் திறக்க வேண்டும், திரை வெடித்தால் பொறுப்பில்லை என்று கடைத் தம்பி சொல்லிவிட்டாராம். பிள்ளைக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. பாடக்குறிப்பெல்லாம் அந்தப் போனுக்குள்ளேதான் கிடக்கிறது.

நம்மில் நாற்பது தாண்டியவர்களுக்கு 2000ஆம் ஆண்டு வந்த நொக்கியா 3310 மறந்திருக்காது. கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம், பெட்டரி ஒரு பக்கம் போகும். பொறுக்கிப் பூட்டினால் மறுபடி வேலை செய்யும். 2003இல் வந்த நொக்கியா 1100 நம்மைப் போன்ற நாடுகளை மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. தூசு புகாத பொத்தான்கள், வியர்த்த கையிலும் வழுக்காத ஓரம், கரண்ட் போனால் டோர்ச். 25 கோடிக்கும் மேல் விற்றது. பெட்டரி பழுதானால் புதிதாக ஒன்றை வாங்கி நாமே போட்டுக்கொண்டோம்.

2007 ஜனவரி 9ஆம் திகதி ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபோனை அறிமுகப்படுத்தினார். வசதிகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் அது ஏழைப் போன். 2 மெகாபிக்சல் கெமரா, வீடியோ எடுக்க முடியாது, 3ஜி இல்லை. எழுத்தைப் பிரதியெடுத்து ஒட்டும் வசதிகூட 2009இல்தான் வந்தது. விலையோ 499 டொலரில் தொடங்கியது. மைக்ரோசொப்ட்டின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் போல்மர் அந்த விலையைக் கேட்டுச் சிரித்தார். ஆனால் விரலால் தொட்டு இயக்கும் அந்தக் கண்ணாடி வென்றது. சிரித்தவர்களைக் குறை சொல்ல மாட்டோம், பட்டியலைப் பார்த்திருந்தால் நாமும் சிரித்திருப்போம்.

அந்தக் கண்ணாடியோடு கழற்ற முடியாத பெட்டரியும் வந்தது. ஒட்டி மூடினால்தான் போன் மெலிதாகும், தண்ணீர் புகாது என்று காரணம் சொன்னார்கள். மெலிவது உண்மைதான். பெட்டரிக்குத் தனிக்கூடும் கொக்கியும் தேவையில்லை, அந்த இடம் மிச்சம்.

தண்ணீர்க் கதையைத்தான் முழுதாக நம்ப முடியவில்லை. 2014இல் வந்த சாம்சங் கெலக்ஸி எஸ்5இன் பின்மூடியை நகத்தால் திறக்கலாம், பெட்டரியைக் கழற்றலாம். அதே போன் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற தரத்துடன் வந்தது. அடுத்த வருடம் எஸ்6 கண்ணாடியும் உலோகமுமாக அழகாக வந்தது. அதில் பெட்டரியைக் கழற்ற முடியாது, மெமரி கார்ட் போட முடியாது, தண்ணீர்ப் பாதுகாப்பும் இல்லை! ஒட்டி மூடிய பிறகுதான் தண்ணீர்ப் பாதுகாப்பே போனது. 2016இல் எஸ்7 வந்தபோது கார்டும் தண்ணீர்ப் பாதுகாப்பும் திரும்பின. பெட்டரி மட்டும் திரும்பவில்லை.

பிறகு இது வழக்கமாகிவிட்டது. 2016இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையை எடுத்தது. 2020இல் ஐபோன் 12 பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தது. அதைக் கேலி செய்து பதிவு போட்ட சாம்சங், சில மாதங்களில் எஸ்21இல் தானும் எடுத்துவிட்டது. கேலிப் பதிவும் காணாமல் போனது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு பெட்டரிச் சட்டம் கொண்டுவந்தது. சில விலக்குகளோடு, 2027 பெப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பெட்டரியைப் பாவனையாளரே மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது அது.

அந்த வாப்பாவுக்கு நாம் இப்படிப் பதில் போட்டோம்: "கெமராவை எண்ண வேண்டாம். இதற்குப் பெட்டரி மாற்ற எவ்வளவு, திரை வெடித்தால் யார் பொறுப்பு என்று இரண்டுக்கும் கேட்டு எழுதி வாங்குங்க." ஒன்றுக்குத்தான் கடையில் பதில் கிடைத்ததாம். ஆனால் சம்பளம் வர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. ஊரில் யாரிடமாவது வேலை செய்யும் பழைய போன் சும்மா கிடந்தால் பரீட்சை முடியும்வரை தர முடியுமா? உள்பெட்டியில் சொல்லுங்கள்.