சப்பாத்துக் கடையில் வழங்கும் சொற்கள்

இந்நாட்டில் தமிழ் பேசும் ஒருவர் பாதணி வாங்கப் புறப்பட்டால், அவர் வாயில் முதலில் வருவது போர்த்துக்கேயச் சொல்லே. சப்பாத்து என்பது அவர்களுடைய சப்பாத்தோ. அதனோடு அணியும் மேசு அவர்களுடைய மெயாஸ். 1505இல் இத்தீவிற் கால்வைத்து, 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தவர்கள், மேசை, கதிரை, அலுமாரி என்பவற்றோடு இவ்விரு சொற்களையும் நம்மிடம் விட்டுச் சென்றனர். மலாய் மொழியாளரும் அதே சொல்லைச் செப்பாத்து என்று வழங்குகின்றனர். 1796இல் வந்த ஆங்கிலேயர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டும் இப்பெயரை அசைக்க முடியவில்லை. ஆயினும் கடைக்காரரோடு பேச்சு வளர்ந்தால், சைஸ், லேஸ், ஹீல், ஒக்ஸ்போட், ஸ்லிப்பர் என்று ஆங்கிலமே நடக்கும். அச்சொற்களுள் ஆங்கிலேயருக்கே சொந்தமானவை எத்தனை என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும்.

ஷூ என்பது பழைய ஆங்கிலச் சொல்தான். ஆனால் பூட் பிரெஞ்சிலிருந்து வந்தது. சாண்டல் கிரேக்கத்திற் பிறந்து இலத்தீன் வழியாக நடந்து வந்தது. மொக்கசின் வட அமெரிக்கப் பழங்குடியினரின் சொத்து. புரோக் என்பது ஐரிஷ், ஸ்கொட்லாந்து மக்களின் கேலிக் மொழியிற் பாதணிக்கு உரிய பெயர். ஈரநிலத்தில் உழைத்தவர்களின் முரட்டுச் சப்பாத்து அது. தோலில் இட்ட துளைகள் புகுந்த நீரை வடிப்பதற்கே என்பர். இன்று அத்துளைகள் வெறும் அலங்காரம். அலுவலகக் கனவான்கள் அதிக விலை கொடுத்து அவற்றை வாங்குகின்றனர்!

ஒக்ஸ்போட்டுக்கும் டேபிக்கும் வேற்றுமை யாது என்று கேட்போர் பலர். நாடா கோக்கும் இரு பக்கத் தோலும் முன்தோலின் கீழே வைத்துத் தைக்கப்பட்டிருந்தால் அது ஒக்ஸ்போட். மேலே தைக்கப்பட்டு விரிந்து கொடுத்தால் டேபி. அகன்ற பாதமுடையோருக்கு இரண்டாவதே வசதி. டேபியை ஒத்த மற்றொன்று புளூக்கர் எனப்படும். அது பிரஷ்யத் தளபதியின் பெயர். 1815இல் வாட்டலூப் போர்க்களத்தில் நெப்போலியனை அவரோடு சேர்ந்து முறியடித்த வெலிங்டன் பிரபுவும் ஒரு பூட்டுக்குப் பெயர் கொடுத்தார். தோலாற் செய்த அந்த வெலிங்டன் பின்னர் இறப்பராக மாறி, மழைக்காலச் சேற்றில் உழவரின் காலுக்குப் போய்ச் சேர்ந்தது.

இனி அளவைக் கவனிப்போம். "எட்டாம் நம்பர் தாருங்கள்" என்கிறோம். எட்டு என்பது எதை எண்ணிய எட்டு? வாற்கோதுமை மணியை! மூன்று மணிகளை நீளவாக்கில் அடுக்கினால் ஓர் அங்குலம் என்பது ஆங்கிலேயரின் பழைய கணக்கு. ஆகவே, ஓர் இலக்கத்துக்கும் அடுத்த இலக்கத்துக்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தின் மூன்றிலொரு பங்கு. குழந்தைகளின் அளவு நான்கு அங்குலத்திலிருந்து தொடங்கிப் பதின்மூன்று இலக்கங்கள் ஏறும். அதன்பின் பெரியோருக்கு மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணுவர். இவ்வாறு கணக்கிட்டால் எட்டாம் இலக்கம் 11 அங்குலம். ஆனால் அது உங்கள் பாதத்தின் நீளமன்று. சப்பாத்தை உருவாக்கும் மரக்கட்டையின் நீளம். ஐரோப்பியக் கண்டத்தார் சென்ரிமீற்றரின் மூன்றில் இரண்டு பங்கை அலகாகக் கொண்டனர். அவர்களுடைய 42 என்பது 28 சென்ரிமீற்றர். ஏறக்குறைய அதே எட்டு. பெட்டியின் மேல் இரண்டு எண்கள் அச்சாகியிருப்பதன் காரணம் இதுவே.

அந்த மரக்கட்டைக்கு ஆங்கிலத்தில் லாஸ்ட் என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் அடிச்சுவடு. கடையில் வழங்கும் சொற்களுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. ஆனால் வாங்குவோர் எவரும் இதைக் கேட்பதில்லை. செய்பவர்களின் சொல் அல்லவா?

செய்பவர்களுக்கு இருந்த பெயர்களையும் பாருங்கள். ஸ்பானிய நாட்டின் கொர்தோபா நகரில், முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில், ஆட்டுத்தோலை மிக மென்மையாகப் பதனிட்டனர். அத்தோலில் வேலை செய்தவர் இங்கிலாந்திலே கோட்வைனர் எனப்பட்டார். இலண்டனில் அவர்களுடைய சங்கம் 1439இல் அரச பட்டயம் பெற்றது. புதிய தோலிற் சப்பாத்துச் செய்தவர் அவர். பழையதைச் செப்பனிட்டவர் கொப்ளர். ஒருவர் தொழிலில் மற்றவர் புகுந்தால் வழக்கு மூண்டது. காலப்போக்கில் கோட்வைனர் என்னும் மதிப்பான பெயர் மக்கள் நாவிலிருந்து மறைந்தது. கொப்ளர் என்பதோ வேலை தெரியாதவனைக் குறிக்கும் வசையாகவும் ஆயிற்று. கிழிந்ததைத் தைத்து மறுபடி நடக்கவைத்த கைக்கு இது நியாயமான பரிசு அன்று.

போர்த்தளபதிகளின் பெயர்கள் நிலைத்தன என்றேன். யான் ஏர்ன்ஸ்ட் மாட்செலிகர் என்ற பெயரைக் கேட்டவர் எத்தனைபேர்? 1852இல் ஒல்லாந்தரின் சூரிநாம் குடியேற்றத்தில், ஒல்லாந்தத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்தவர். அமெரிக்காவுக்குச் சென்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரத்துச் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலைசெய்தார். ஆங்கிலத்தை முயன்று கற்றார். அக்காலத்தில் தைப்பதற்கு இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் மேல்தோலை லாஸ்ட்டின் மேல் இழுத்து மடித்து அடித்தோலோடு பொருத்தும் வேலையைக் கையாலன்றிச் செய்ய இயலாது என்றே எல்லாரும் நம்பினர். தேர்ந்த கைவினைஞர் நாளொன்றுக்குச் சுமார் 50 சோடி முடிப்பார். மாட்செலிகர் குறைந்த வருவாயில் வயிற்றைச் சுருக்கி, ஆண்டுக்கணக்கில் உழைத்து ஓர் இயந்திரத்தை அமைத்தார். அதன் வரைபடங்கள் விளங்காமையாற் காப்புரிமை அலுவலகத்தார் ஒருவரை நேரில் அனுப்பி இயந்திரத்தைப் பார்வையிடச் செய்தனர். 1883 மார்ச் 20இல் காப்புரிமை கிடைத்தது. அவ்வியந்திரம் நாளொன்றுக்கு 150 முதல் 700 சோடி வரை முடித்தது. சப்பாத்தின் விலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கையால் இழுத்துப் பொருத்தியோரின் பிழைப்பு அதனால் தேய்ந்தது என்பதும் உண்மையே. எனினும், வெறுங்காலோடு நடந்த ஏழைகள் பலருக்குச் சப்பாத்துக் கைக்கெட்டியது.

மாட்செலிகர் காசநோயால் 1889இல் இறந்தபோது அவருக்கு வயது 36. தோலின் நிறத்தைக் காரணங்காட்டி லின் நகரத் தேவாலயங்கள் சில அவரை உறுப்பினராக ஏற்க மறுத்திருந்தன. ஏற்றுக்கொண்ட ஒரு தேவாலயத்துக்குத் தம் பங்குகளில் ஒரு பகுதியை எழுதிவைத்திருந்தார். 1991இல் ஐக்கிய அமெரிக்காவின் அஞ்சல் சேவை அவர் உருவம் பொறித்த முத்திரை ஒன்றை வெளியிட்டது. அதன் விலை 29 சதம்.