டைல்ஸ் மேல் வந்து படுத்த பலகை

விருதுநகரில் இருபது வருடத்துக்கு முன் கட்டிய வீடு ஒன்றில் கல்யாணம் நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று, ஜன்னலுக்குத் திரை மாற்றியாயிற்று. தரையைப் பார்த்தால்தான் மனசு ஒப்பவில்லை. இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைட் டைல்ஸ், போட்ட காலத்தில் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. இன்றைக்கு அதைப் பார்த்தால் பழைய பேங்க் கிளைக்குள் நிற்கிற நினைப்பு வருகிறது. கொத்தனாரைக் கேட்டால், "பேத்து எடுத்துரலாம் அண்ணாச்சி, ஆனா வீடு பூரா தூசி பறக்கும், பத்து நாளைக்கு யாரும் உள்ள இருக்க முடியாது" என்கிறார். இன்டீரியர் கடைக்காரர் வேறு வழி சொல்கிறார். டைல்ஸ் அது பாட்டுக்கு இருக்கட்டும், மேலே வினைல் பலகை பரப்பிவிடலாம். சிமெண்ட் வேண்டாம், பசை வேண்டாம், ஆணி வேண்டாம். ஹால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

பெட்டியைப் பிரித்தால் நாலடி நீளம், சுமார் ஏழு அங்குல அகலம், அரை சென்டிமீட்டர் தடிமனில் பலகைகள். தேக்கின் ரேகை இருக்கிறது, கணு இருக்கிறது, விரலால் தடவினால் மரத்தின் சொரசொரப்புகூட இருக்கிறது. மரம் மட்டும் கிடையாது. உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்டால் விருதுநகர்க்காரருக்குச் சிரிப்பு வரும்: சுண்ணாம்புக்கல் தூள், உப்பிலிருந்து பிறந்த குளோரின் சேர்ந்த பிளாஸ்டிக், மேலே அச்சடித்த ஒரு படம். மூன்றுமே இந்த வட்டாரத்தில் அன்றாடம் புழங்கும் சரக்கு. ஆனால் அவை ஒன்றுசேர்ந்து பலகை ஆவதற்கு இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா, ஸ்வீடன், பெல்ஜியம், சீனா என்று உலகத்தையே சுற்றிவர வேண்டியிருந்தது.

அந்தச் சுற்று எண்ணெயில் தொடங்கியது. எண்ணெய் வணிகத்தில் பேர்போன விருதுநகரில் இதை விளக்கத் தேவையில்லை: நல்லெண்ணெய் சிந்தினால் பிசுக்காகவே கிடக்கும், ஆளி விதை எண்ணெயோ காற்றுப் பட்டதும் மெல்லத் தோல் கட்டும். பெயிண்ட் கலக்க அந்த எண்ணெயைத் தேடிப் பிடித்தது அதனால்தான். 1855-ல் பிரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர், திறந்து கிடந்த பெயிண்ட் டப்பாவில் படிந்திருந்த ரப்பர் போன்ற ஆடையைப் பார்த்தார். நாமாக இருந்தால் குச்சியால் எடுத்துத் தூர எறிந்திருப்போம். அவர் அதை வைத்து என்ன செய்யலாம் என்று வருடக்கணக்கில் யோசித்தார். கெட்டியாக்கிய எண்ணெயோடு பிசினும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணிமேல் அழுத்தினார். லினோலியம் வந்தது. 1863-ல் காப்புரிமை வாங்கி, அடுத்த வருடமே லண்டனுக்கு மேற்கே ஸ்டெயின்ஸ் என்ற ஊரில் ஆலை தொடங்கினார்.

அதற்கு முன்னால் ஐரோப்பிய வீடுகளில் இருந்தது தரைத்துணி. கித்தான் துணிமேல் பல பூச்சு பெயிண்ட் அடித்துக் காயவைத்து, அதன்மேல் பளிங்கு மாதிரியும் ஓடு மாதிரியும் படம் அச்சிடுவார்கள். ஆக, ஒரு தரை இன்னொரு தரையாக வேஷம் கட்டுவது நம் காலத்துப் பித்தலாட்டம் அல்ல; அந்தத் தொழில் பிறந்ததே அப்படித்தான்.

வால்டனின் சரக்கு விற்கத் தொடங்கியதும் நகல்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தின் கர்க்கால்டி ஊரில் தரைத்துணி தயாரித்துவந்த நெய்ர்ன் கம்பெனி, காப்புரிமைக் காலம் முடிகிறவரை காத்திருந்து, 1877-ல் தானும் லினோலியம் செய்ய இறங்கியது. பெயரைக்கூட மாற்றவில்லை. வால்டன் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. 1878-ல் வந்த தீர்ப்பு அவர்களுக்கு எதிரானது: பொருளுக்கு வேறு பெயரே இல்லாதபோது, அந்தப் பெயரை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது. கண்டுபிடித்தவர் இங்கிலாந்தில் இருக்க, லினோலியத்தின் தலைநகர் என்ற பேரைக் கர்க்கால்டி தட்டிக்கொண்டு போனது. இன்றும் அந்த ஊரில் லினோலியம் ஆலை ஓடுகிறது.

அடியில் ஒட்டிய சணல் வங்காளத்துச் சணல். ஆளி விதையும் கல்கத்தா துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போனது. அதே கல்கத்தாவுக்கு 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கப் போனார்கள். திரும்பிவந்து தீப்பெட்டி ஆலை தொடங்கினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. இரண்டுக்கும் லேபிள் ஒட்டவேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும் வந்தது. லினோலியத்துக்கும் இதற்கும் நேரடி உறவு எதுவும் இல்லைதான். ஆனால் இந்தப் பட்டாசும் அச்சும் நம் பலகைக் கதைக்குள் வேறு வாசல் வழியாக நுழையப்போகின்றன.

இதற்குள் ஜெர்மனியில் இன்னொரு தற்செயல் நடந்திருந்தது. 1872-ல் வேதியியலாளர் ஆய்கன் பாவ்மன், வினைல் குளோரைடு வாயு அடைத்த குடுவையை வெயிலில் வைத்தார். உள்ளே வெள்ளைத் தூள் படிந்தது. அதுதான் பிவிசி. எதற்கு உதவும் என்று யாருக்கும் புரியாததால் அப்படியே விட்டுவிட்டார்கள். நாற்பது வருடம் கழித்து கிரீஸ்ஹைம் எலெக்ட்ரான் கம்பெனிக்கு ஒரு தலைவலி வந்தது. மின்சார விளக்கு பரவியதால் அசெட்டிலின் விளக்கு மதிப்பிழந்தது. அசெட்டிலின் வாயு மிஞ்சிப்போனது. அதை வேறு எதற்காவது பயன்படுத்த முடியுமா என்று தேடிய பிரிட்ஸ் கிளாட்டே, பிவிசி செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். சரக்கோ விறைத்துக்கொண்டு நின்றது, சூடுபட்டால் சிதைந்தது. கம்பெனி பொறுமை இழந்து 1925-ல் காப்புரிமையைக் கைவிட்டது.

கைவிட்ட மறுவருடமே அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், பி.எஃப். குட்ரிச் டயர் கம்பெனியில், வால்டோ சீமன் என்பவர் ரப்பரை உலோகத்தில் ஒட்டவைக்க ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். பிவிசியைக் கொதிக்கும் கரைப்பானில் போட்டார். பசை வரவில்லை. ஆறிய பிறகு பார்த்தால் வளைகிற, இழுபடுகிற, தண்ணீர் இறங்காத ஏதோ ஒன்று. மேலதிகாரியை நம்பவைக்க, அதைப் பூசிய துணியை அவருடைய மேஜைக் காகிதங்கள்மேல் விரித்துத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார் என்று சொல்வார்கள். காகிதம் நனைந்திருந்தால் சீமனின் வேலையே போயிருக்கும்.

1933-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வினைல் டைல்ஸ் அரங்கேறியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் விலை இறங்கியது, நிறம் கூடியது. லினோலியத்தை அடுப்படியிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் விரட்டியது. 1967-ல் அதே குட்ரிச் கூட்டோடு மேட்டூரில் கெம்பிளாஸ்ட் ஆலை பிவிசி தயாரிக்கத் தொடங்கியது. இன்னும் கிட்டத்தில், தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும் பிவிசி ஆலை வந்தது. பிவிசி எடையில் பாதிக்கு மேல் குளோரின்; குளோரின் வருவது உப்பிலிருந்து; உப்பளத்துக்குத் தூத்துக்குடியில் பஞ்சமா?

நம்மவர்கள் வினைலை முதலில் மிதித்தது வீட்டில் அல்ல, ரயில் பெட்டியில். பெட்டிக்குள் காலடியில் ஒட்டியிருக்கும் அந்த விரிப்பு பிவிசிதான். பிறகு சுருளாக வந்தது. வாடகை வீட்டுச் சிமெண்ட் தரையை மறைக்க மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கிய கார்பெட், கட்டில் கால் பட்ட இடத்தில் குழிவிழுந்து, ஊதுபத்தி விழுந்த இடத்தில் கருகி, ஓரம் சுருட்டிக்கொண்டு எத்தனை வீடுகளில் கிடந்தது! வினைல் என்றாலே சிலர் இன்னும் முகம் சுளிப்பது அந்தச் சுருளை நினைத்துத்தான். பட்டாசுக்காரர்களுக்கு வேறு பழக்கம். வாணத்தில் நீலச் சுடர் வேண்டுமென்றால் தாமிரத்தோடு குளோரினும் சேரவேண்டும். அந்தக் குளோரினைத் தர, வாண வேதியியலில் பிவிசி தூளையும் கலப்பதுண்டு. தரையில் விரிக்கிற சரக்கே வானத்தில் நீலமாகவும் பூக்கிறது.

அச்சுக்கு வருவோம். பலகையின் தேக்கு ரேகை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் உருளை அச்சில் அடித்த புகைப்படம். அதைக் காப்பாற்ற மேலே கண்ணாடி போன்ற தேய்மானப் படலம். காலண்டர் அடித்தே பேர் வாங்கிய சிவகாசிக்காரருக்கு இதில் உடனே ஒரு சந்தேகம் வரும்: உருளை ஒரு சுற்று முடிந்தால் படம் திரும்ப வருமே? வரும். ஹாலில் ஒரே கணு மூன்று இடத்தில் தெரிந்தால் குட்டு உடைந்துவிடும். அதனால்தான் கைதேர்ந்த ஆட்கள் நாலைந்து பெட்டியை ஒரே நேரத்தில் பிரித்துப் பலகைகளைக் கலந்து எடுக்கிறார்கள்.

பசை இல்லாமல் பலகைகள் எப்படி நிற்கின்றன? இந்தப் பகுதிதான் எனக்கு மிகப் பிடித்தது. ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் கம்பெனி மேஜைமேல் ஒட்டும் லேமினேட்டைத் தரைக்குக் கொண்டுவந்தது. அப்போதும் பசை தேவைப்பட்டது. 1990-களின் பின்பாதியில் ஸ்வீடனின் வேலிங்கே கம்பெனியும் பெல்ஜியத்தின் யூனிலின் கம்பெனியும், ஒரு பலகையின் நாக்கை அடுத்ததன் பள்ளத்தில் சாய்த்துச் செருகி அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் முறையைத் தனித்தனியே கொண்டுவந்தன. கையோடு கோர்ட்டுக்கும் போயின. இந்த யூனிலின் யார் என்று பார்த்தால், ஆளிச்செடியின் தண்டில் நார் எடுத்தபின் மிஞ்சும் சக்கையை வைத்துப் பலகை அழுத்துவதற்காக 1960-ல் கூடிய ஆளி வியாபாரிகள்! விதையின் எண்ணெய் லினோலியத்தைக் கொடுத்தது; தண்டுச் சக்கையில் பிழைத்தவர்கள் அதன் வாரிசுக்குப் பூட்டுப் போட்டார்கள். அந்தப் பூட்டைப் போடுகிற ஆலைகள் சதுர மீட்டர் கணக்கில் உரிமத்தொகை கட்டவேண்டும். கட்டாமல் நகலெடுத்தவர்கள்மேல் 2019-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தில் வழக்கு வந்தது. கர்க்கால்டி கதை மறுபடியும், இந்த முறை கண்டுபிடித்தவர் பக்கம் காற்று அடித்தது.

ஆனால் பழைய வினைல் பலகை தொளதொளவென்று இருந்தது. டைல்ஸ் மேல் போட்டால், அடியிலுள்ள சந்துகள் சில மாதத்தில் கட்டம் கட்டமாக மேலே தெரிய ஆரம்பிக்கும். கார்பெட்டுக்குப் பேர்போன ஜார்ஜியா மாநிலத்து டால்டனில், பெல்ஜியத்தில் பிறந்த பீட் டோஷே என்பவரின் கம்பெனி 2010-களின் தொடக்கத்தில் நடுவே கெட்டியான அடுக்கு வைத்து விற்றது. சீன ஆலைகள் அதையே இன்னும் மலிவாக, இன்னும் விறைப்பாகச் செய்யச் சுண்ணாம்புக்கல் தூளைக் கொட்டின. கடைகளில் எஸ்பிசி என்று விற்பது இதுதான். நடு அடுக்கில் பாதிக்கு மேல் கல் தூள். பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள், ஆர்.ஆர். நகரில் அறுபது வருடத்துக்கு மேலாக ராம்கோ சிமெண்ட் ஆலை புகைகிறது. அங்கே சூளைக்குப் போகும் கல்லின் ஒன்றுவிட்ட தம்பி, சீனாவைச் சுற்றிவந்து அண்ணாச்சி வீட்டு ஹாலில் தேக்கு வேஷத்தில் இறங்குகிறான்.

இறக்குவதற்கு முன் பழைய டைல்ஸைத் தட்டிப் பார்க்கவேண்டும். உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். ஆடுகிற டைல்ஸை முதலில் சரிசெய்யாமல் மேலே பலகை போட்டால் மிதிக்கும்போதெல்லாம் பூட்டு அசைந்து ஒருநாள் உடையும். அகலமான சந்துகளையும் மேடு பள்ளத்தையும் நிரவவேண்டும். சுவரோரம் கால் அங்குலத்துக்குக் குறையாமல் இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மறைக்கவேண்டும், ஏனென்றால் வெயிலில் பலகை விரியும். சித்திரை மாத விருதுநகரில், மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னலடியில், இந்த விதியைச் சோம்பலில் விட்டவர்கள் பலகை கூடாரம்போலக் கிளம்புவதைப் பார்க்கலாம். தரை உயர்ந்தால் கதவு உரசும், ஆசாரியைக் கூப்பிட்டு அடியை இழைக்கவேண்டும். இதையெல்லாம் கடைக்காரர் "ஒரே நாள்" கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்.

நம் வீடுகளில் பெரிய சிக்கல் தண்ணீர். பலகைக்குத் தண்ணீரால் கேடு இல்லை என்பது உண்மைதான். ஆனால் பொங்கலுக்கு முந்தின நாள் வாளி வாளியாக ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தள்ளுகிற வீட்டில், அந்தத் தண்ணீர் சுவரோர இடைவெளி வழியாக அடியில் இறங்கும். விட்ரிஃபைட் டைல்ஸ் அதைக் குடிக்காது, மேலே பலகை ஆவியாக விடாது. நாலு நாளில் வீட்டில் ஈரச் சாக்கு வாடை. துடைக்கிற வீட்டுக்குத்தான் இது சரி, கழுவுகிற வீட்டுக்கு அல்ல என்பது என் கட்சி.

பட்டாசு ஆலை முதலாளி வீட்டு ஹாலிலும் ஆபீஸ் அறையிலும் இந்தப் பலகையைப் போடலாம். மருந்து புழங்கும் ஷெட்டுக்குள் போடக்கூடாது. வினைல் மின்சாரத்தைக் கடத்தாது. நடக்கும் உராய்வில் சேரும் நிலைமின்னேற்றம் வெளியேற வழியின்றி உடம்பிலேயே தங்கும், மருந்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொறி போதும். அங்கே விரிக்கவேண்டியது ஏற்றத்தைப் பூமிக்கு இறக்கிவிடும் கடத்து ரப்பர் விரிப்பு.

பீங்கான்காரர்களும் சும்மா இருக்கவில்லை. குஜராத்தின் மோர்பி ஆலைகள் இப்போது நாலடிப் பலகை வடிவத்திலேயே டைல்ஸ் சுடுகின்றன, மேலே இங்க்ஜெட்டில் தேக்கு ரேகை அடித்து. வினைல் மரத்தை நகலெடுத்தது, பீங்கான் மரத்தை நகலெடுத்த கையோடு வினைலின் அளவையும் எடுத்துக்கொண்டது. விருதுநகரில் புதுவீடு கட்டுகிறவர்கள் பலர் இன்று போடுவது அதைத்தான். இன்னும் இருபது வருடத்தில் அந்த வீட்டிலும் ஒரு கல்யாணம் வரும், கொத்தனாரும் கடைக்காரரும் வந்து நிற்பார்கள். அடியில் ஒரு போலித் தேக்கு, மேலே இன்னொரு போலித் தேக்கு என்று அண்ணாச்சி விலை பேசிக்கொண்டிருப்பார்.